ஆறு மாசம் கேட்டவள்

காலை ஆறரை மணிக்கு இந்தப் பெங்களூரில் பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் வேலை பார்க்கும் ஹாக்கி மைதானத்தில் நீல நிறத்தில் டர்ஃப் விரித்துக் கிடக்கும். அதன் ஓரங்களில் இருக்கும் குழாய்கள் தலையைத் தூக்கிப் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் பட்டால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுந்தால் முட்டித்தோல் உரியாது. காரணமெல்லாம் எனக்கும் தெரியும், பார்க்க வருகிறவர்களுக்கு நானே விளக்கியும் சொல்கிறேன். இருந்தும் தினமும் வயிறு எரியத்தான் செய்கிறது. தண்ணீர் லாரி வந்ததா இல்லையா என்று எங்கள் பிளாட் வாட்சப் குழுவில் சண்டை நடப்பது சரியாக அந்த நேரத்தில்தான். பக்கெட்டில் பிடித்து வைத்ததில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முளைக்காத புல் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவிடம் ஒருமுறை இதைப் போனில் சொன்னபோது, "ஏட்டி, தண்ணி ஊத்துனா வளருமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்த மைதானத்தின் வாசலில் செக்யூரிட்டியாக இருப்பவர் முனியப்பா. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் அத்திபெலேயிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் இருக்கும், எதை எப்போது பேசுவது என்று யோசிக்கவே மாட்டார்கள். நான் உள்ளே நுழையும்போது, "டிபன் ஆச்சாக்கா?" என்பார். ஆச்சு என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் பயிற்சியாளர்களோடு இந்தி, ஆபீஸில் இங்கிலீஷ், கேண்டீனில் கன்னடம் என்று நாள் முழுக்க வேறு வேறு பாஷைகளில் ஓடும். மைதானத்தில் என் காதில் விழும் தமிழ் அந்த ஒரு கேள்வி மட்டும்தான். ஆட்டங்களை வீடியோ எடுத்து, யார் எங்கே நின்றார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்று பிரித்துச் சொல்வது என் வேலை. அடுத்தவர்கள் செய்த தப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். என் குணத்துக்குப் பொருத்தமான வேலை.

இது நான் பழிவாங்கிய கதை. மன்னித்த கதை எழுதுவதற்கு வெளியூரில் வாழும் எத்தனையோ நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். என்னால் முடியாது.

பத்தொன்பது வயதில் கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்தேன். எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் கோட்டி பிடித்து அலைவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்துவிட்டு வரும் ஆட்கள் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், செலெக்டர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே திட்டுவார்கள். "என்னத்தப் பாத்துய்யா இவள எடுத்த?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் அதே ஆளோடு டீ குடிப்பார்கள். அப்படி ஒரு ஆட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பெங்களூர்க் கம்பெனி ஒன்று தன் பெண்கள் அணிக்கு எடுத்தது. பொம்மசந்திராவில் அவர்களுக்கு ஃபேக்டரி. காலையில் பயிற்சி, பிறகு பேக்கிங் செக்ஷனில் ஷிப்ட். ஆஸ்டின் டவுனில் ஒரு பழைய வீட்டை எடுத்து எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். கம்பெனியின் விளையாட்டுப் பிரிவுக்கு ஜெனரல் மேனேஜராக இருந்தவர் மூர்த்தி சார். யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது, யாருக்கு எத்தனை நாள் காண்ட்ராக்ட் என்று முடிவு செய்வதெல்லாம் அவர்தான். மடிப்புக் கலையாத சட்டை. எங்களிடம் இங்கிலீஷ், மற்றவர்களிடம் கன்னடம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதுவரை நான் டர்ஃபில் கால் வைத்தவள் இல்லை. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் பந்து நேராக வராது, கல்லில் பட்டுத் தவ்வும். அதனால் தடுப்பாட்டக்காரி மட்டையை நெட்டுக்கப் பிடித்து, உடம்பைப் பின்னால் கொடுத்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் பந்து எவ்வளவு தவ்வினாலும் தாண்டாது. டர்ஃபில் எல்லாம் தலைகீழ். பந்து தவ்வவே தவ்வாது, தரையோடு வழுக்கிக்கொண்டு பறக்கும். அங்கே குனிந்து மட்டையைத் தரையில் படுக்கப் போட வேண்டும். மண்ணில் வளர்ந்த எல்லாப் பெண்களும் டர்ஃபுக்கு வந்ததும் இந்த ஒரு தப்பைத்தான் செய்வார்கள். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. முக்கியமான ஆட்டமொன்றில் நானும் பழக்க தோஷத்தில் மட்டையை நட்டுக்கொண்டு நின்றேன். பந்து என் மட்டைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில், சுகமாக ஓடிப்போய் கோலுக்குள் விழுந்தது. தோற்றோம்.

அடுத்த வாரமே மூர்த்தி சார் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை, கன்னடம் சுத்தமாகக் கிடையாது. அதனால் நாகரத்னா என்ற கிளார்க் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தயவில் கொஞ்சம் தமிழ் வரும். மூர்த்தி சார் கன்னடத்தில் சொன்னதை அந்த அம்மா எனக்குத் தமிழில் சொன்னார். வடக்கே வேறொரு கம்பெனி அணிக்கு என்னைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கோல் அடிக்கிற பெண் ஒருத்தியை இங்கே எடுக்கிறார்களாம். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினேன். "மண்ணுத் தரையிலயே ஆடி வளந்தவ சார். கை மாறணும். ஆறு மாசம் மட்டும் குடுங்க, காலையில ஒரு மணி நேரம் முன்னாடியே வாறேன், மட்டையப் படுக்கப் போடப் பழகிருவேன். இப்பப் போய் தெரியாத ஊர்ல தோத்துட்டேன்னா வீட்டுல கூப்பிட்டுக் கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க சார், அதோட என் ஆட்டம் முடிஞ்சுது." மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நாகரத்னா அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவரிடம், "ஹோகல்லவந்தெ சார்" என்றார். அதாவது, போக மாட்டாளாம்.

அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. ஆறு மாசம் காணாமல் போய்விட்டது, மண்ணும் மட்டையும் கல்யாணமும் போய்விட்டன. ஒரு திமிர் பிடித்த பெண், போக மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறாள் என்று ஆகிவிட்டது. நாகரத்னா அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த தமிழுக்கு அதுவே அதிகம். மூர்த்தி சார் பேனாவை மூடிவிட்டு, "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். நான் ஒரு பைத்தியம், பார்க்கலாம் என்கிறாரே, மனசு இளகிவிட்டது என்று நினைத்து வெளியே வந்தேன். எங்கள் ஊரில் முடியாது என்றால் முடியாது என்பார்கள். இந்த ஊரில் அதை மரியாதையாகச் சொல்வதற்குத்தான் இந்த வார்த்தை என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது என் பை வராந்தாவில் இருந்தது, அதன் மேல் ரயில் டிக்கெட் இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆட்டத்தில் எடுப்பதும் கழிப்பதும் நடக்கிற காரியம்தான், நானும் என்றைக்கோ மறந்திருப்பேன். அன்று இருட்டும் நேரத்தில் பிரயாணத்துக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி கடை அது. எனக்கு முன்னால் மடிப்புக் கலையாத சட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. "போன தடவ குடுத்த மாவு புளிச்சுப் போச்சு அண்ணாச்சி, வீட்ல எனக்குத்தான் திட்டு. இன்னிக்கு ஆட்டினதா பாத்துக் குடுங்க" என்றது அந்தச் சட்டை. சுத்தமான தமிழ். தட்டுத் தடுமாறாத, பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழ். மாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய மூர்த்தி சார், பின்னால் நின்ற என்னைப் பார்க்காமலேயே போய்விட்டார். நான் அண்ணாச்சியிடம் யார் இவர் என்று கேட்டேன். "இவுகளா? தாத்தா காலத்துலயே சர்க்கார் வேலைக்கு வந்து இங்கனயே இருக்காக. நம்ம ஆளுதாம்மா" என்றார்.

நம்ம ஆளு. அந்த அறையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த மனுஷனுக்குப் புரிந்திருக்கிறது. ஆறு மாசமும் புரிந்திருக்கிறது, கல்யாணமும் புரிந்திருக்கிறது. நாகரத்னா அம்மா என் கெஞ்சலை ஒற்றை வார்த்தையில் சுருட்டி வைத்தபோது, அது தப்பு என்று தெரிந்தும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்தச் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் கறுவினேன். என்றைக்காவது ஒருநாள் இந்த ஆள் என் கையில் மாட்டுவான், அன்றைக்கு இருக்கு என்று. பத்தொன்பது வயசுப் பெண்ணின் வெட்டிச் சபதம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச காலம் முன்பு வரை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது இந்த ஊரில் வாழ வாழப் புரிந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்கள் பெரிய வேலைக்கு வந்துவிட்டால் ஒரு பயத்தோடு இருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவனுக்கு ஒரு சின்ன உதவி செய்தால்கூட, தன் ஆட்களையே உள்ளே விடுகிறான் என்று பேச்சு வந்துவிடும். அதனால் மற்றவர்களுக்கு ஒரு வருஷம் பொறுப்பவர்கள், தமிழர்களுக்கு ஒரு மாசம் பொறுக்க மாட்டார்கள். புதிதாக ஆபீஸில் சேர்ந்த நம் பையன்கள், மேனேஜர் நம்ம ஊர்க்காரர்தான் என்று குஷியாகச் சொல்லும்போது எனக்குப் பகீரென்றிருக்கும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. காவிரிப் பேச்சு சூடாகும் நாட்களில் வீட்டிலிருந்து போன் வந்தால் பஸ்ஸில் எடுக்காமல் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் என் பயத்துக்காக நான் யார் வாழ்க்கையையும் கைகழுவி விட்டதில்லை.

வடக்கே போனேன். அங்கே எனக்கு வாய்த்த பயிற்சியாளர் தினமும் என்னைத் தனியாக நிறுத்திப் பந்தை உருட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவது மாதம் என் மட்டை தானாகவே படுத்தது. ஆறு மாசம்கூட ஆகவில்லை என்பதை நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அதற்குள் அந்த கம்பெனியே அணியைக் கலைத்துவிட்டது. ஊருக்குப் போனால் மாப்பிள்ளை ரெடியாக இருப்பார் என்று தெரியும், அதனால் மறுபடியும் பெங்களூருக்கே வந்தேன். பொம்மசந்திராவில் வேறொரு ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் கிடைத்த அணிக்கு ஆடினேன். கன்னடம் படித்தேன், இங்கிலீஷ் படித்தேன், முட்டி தேய்ந்து ஆட்டம் நின்றதும் வீடியோ வேலை படித்தேன். கன்னடம் நன்றாகவே வந்தது. கேண்டீன்காரர் என்னைக் கோலார்ப் பக்கமா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் மூர்த்தி சார் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று, சாஃப்ட்வேர் பணத்தில் தொடங்கப்பட்ட ஒரு பெண்கள் ஹாக்கி கிளப்புக்கு ஜெனரல் மேனேஜர் ஆகியிருந்தார். அந்த கிளப்பும் எங்கள் மைதானத்தில்தான் ஆடும். எப்போதாவது எதிரே வந்தால், "குட் மார்னிங் மேடம்" என்பார். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. நான் கறுவிக்கொண்டு திரிந்த அத்தனை வருஷமும் அந்த ஆள் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு இன்னொரு அடி.

அவருடைய காண்ட்ராக்ட் முடியப் போகிறது, இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பதா வேண்டாமா என்று கிளப் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. முதலாளி முப்பத்தைந்து வயதுகூட ஆகாத இளைஞர். இந்த ஊரில் எதற்கும் ஒரு ரிவ்யூ உண்டு, சமையல்கார அம்மாவுக்குக்கூட வருஷத்துக்கு ஒருமுறை ரிவ்யூ வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவரும் மூன்று பேரை வைத்து ஒரு ரிவ்யூ போட்டார். ஒரு ஆடிட்டர், குடகிலிருந்து வந்து குடியேறிய ஒரு ரிடையர்ட் கோச், வீடியோ பார்த்துச் சொல்ல நான். மூர்த்தி சார் ஆட்களை மாற்றியது, காண்ட்ராக்ட் போட்டது, ஆட்டக்காரிகளை வளர்த்தது என்று மூன்றையும் எடை போட்டுச் சொல்ல வேண்டும். நான் முதலாளியிடம் மறைக்கவில்லை. இந்த மனிதர் ஒரு காலத்தில் என்னை வெளியே அனுப்பியவர், எனக்கு அவர் மேல் நல்ல எண்ணம் கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று நேராகவே சொன்னேன். அவர் சிரித்தார். அப்படியானால் நீங்கள்தான் நன்றாகத் தோண்டுவீர்கள் என்றார். நான் நன்றாகத்தான் தோண்டினேன்.

முதலில் பெருத்த ஏமாற்றம். ஆட்களை மாற்றி எடுப்பதில் அந்த ஆள் சூரர். எந்த கிளப் கஷ்டத்தில் இருக்கிறது, எந்த ஆட்டக்காரிக்கும் கோச்சுக்கும் ஆகவில்லை என்று மோப்பம் பிடித்து, சரியான நேரத்தில் போய் நிற்பார். முதுகுவலி என்று எல்லோரும் ஒதுக்கிய பெனால்டி கார்னரில் கோல் அடிக்கிற ஒரு ஆட்டக்காரியை இரண்டு சின்னப் பெண்களைக் கொடுத்து வாங்கினார். அவள் அந்த வருஷம் அடித்த கோல்களில்தான் கோப்பை வந்தது. வீடியோவைப் போட்டுப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். குறை சொல்ல ஒரு இடம் கிடைக்க வேண்டுமே! ஆடிட்டர் மூர்த்தியின் கணக்கைப் பார்த்து மயங்கியே போனார். இவரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார் என்றார்.

அப்புறம் காண்ட்ராக்டுகளைப் பார்த்தேன். பேர் வாங்கிய ஆட்டக்காரிகளுக்கு மூன்று வருஷம், சின்னப் பெண்களுக்குப் பதினொரு மாசம். வாடகை வீட்டு அக்ரிமென்ட் போடுவது மாதிரி அந்தச் சின்னப் பெண்கள் எல்லாருக்கும் பதினொரு மாசம்! மண் தரையிலிருந்து வருகிற பெண்ணுக்குக் கை மாறவே முதல் ஆறு மாசம் போய்விடும். அதற்கப்புறம் உருப்படியாக நாலு ஆட்டம் ஆடுவதற்குள் காண்ட்ராக்ட் முடிந்து அவளை வேறெங்காவது தள்ளிவிட்டிருப்பார். இது தெரிந்ததும் அவர் செய்த மாற்றங்களை எல்லாம் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன், இந்த முறை அவர் வாங்கியவர்களை விட்டுவிட்டுக் கொடுத்தவர்களை மட்டும். அந்தக் கோப்பைக்காகக் கொடுத்த இரண்டு சின்னப் பெண்களில் ஒருத்தி இப்போது எதிரணியில் தடுப்பாட்டத்தில் பாறையாக நிற்கிறாள். இன்னொருத்தி போன சீசனில் இந்த கிளப்புக்கு எதிராகவே கோல் அடித்தாள். அவர் கைகழுவியவர்கள் வேறு வேறு ஊர்களில் தளதளவென்று வளர்ந்திருந்தார்கள், அவர் கையில் வளர்ந்தவள் என்று சொல்ல ஒரு பெண் இல்லை. பொறுமை தேவைப்படுகிற எல்லாரையும் முதல் தவறிலேயே விற்றுவிட்டு, அந்த விலையில் ரெடிமேடாக வாங்குவதுதான் அவருடைய சாமர்த்தியம். அதில் தமிழ்ப் பெண்கள் இன்னும் சீக்கிரமாகப் போயிருந்தார்கள். அதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. பாஷையை இதில் இழுத்தால் விஷயம் வேறு எங்கோ போய்விடும், அவருக்குத் தப்பிக்க வழியும் கிடைத்துவிடும். மட்டை மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

முதலாளியின் ஆபீஸில், கண்ணாடி அறையில், மூர்த்தி சாரை எங்கள் முன்னால் உட்கார வைத்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது, சட்டை மட்டும் அதே மடிப்பு. ஆடிட்டர் கேட்டதற்கெல்லாம் புன்னகையோடு பதில் சொன்னார். குடகுக்காரர் மட்டும், இத்தனை வருஷத்தில் ஒரு செடியாவது நட்டீர்களா என்று முரட்டுத்தனமாகக் கேட்டார். அதற்கும் சிரித்தார். என் முறை வந்தது. நான் இங்கிலீஷில், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டேன். மண் தரையில் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரி டர்ஃபுக்குப் பழக எவ்வளவு காலம் ஆகும் சார், உங்கள் அனுபவத்தில்? அவர் யோசிக்கவே இல்லை. "ஆறு மாதம்" என்றார். "நல்ல பெண்ணாக இருந்தால் ஆறு மாதத்தில் மாறிவிடுவாள்."

 அப்படியானால் ஒருத்திக்குக்கூட அந்த ஆறு மாதத்தை நிம்மதியாக நீங்கள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். ஜெயிக்க வேண்டிய நெருக்கடி, சீசன், ஸ்பான்சர் என்று ஏதேதோ சொன்னார். நான் விடவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி உங்களிடம் இதே ஆறு மாதத்தைக் கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து, பிறகு மேசை மேலிருந்த என் பெயர்ப் பலகையைப் பார்த்தார். செல்வி என்று அதில் எழுதியிருந்தது. ஞாபகம் இல்லை என்றார். அது பொய் என்று அவர் காது மடல் சிவந்ததிலேயே தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இந்த ஊரில் இருபது வருஷம் லாரித் தண்ணீர் குடித்திருக்கிறேன் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஆடிட்டர் நீட்டிக்கலாம் என்றார், குடகுக்காரர் கூடாது என்றார். இருவரும் இழுபறியாக நிற்கவே முதலாளி, செல்வி மேடம் சொல்வதுதான் முடிவு, காலைக்குள் எழுதி அனுப்பட்டும் என்று மூர்த்தி சார் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று மாலையில் நான் மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது அவருடைய கார் வாசலில் நின்றது. முனியப்பா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மூர்த்தி சார் இறங்கி என் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். தமிழ் வந்தது.

"அம்மா செல்வி, நீ எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கே. எனக்கும் ஞாபகம் இருக்கும்மா. அன்னிக்கு நீ சொன்னது அத்தனையும் எனக்குப் புரிஞ்சுது. ஆனா நான் ஒரு வார்த்தை தமிழ்ல பேசியிருந்தா, மூர்த்தி அவன் ஆளுங்களக் காப்பாத்தறான்னு என்னைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. எனக்கும் புள்ள குட்டி இருந்துச்சு, இந்த ஊர்ல நான் தலை நிமிந்து நிக்கணும். இப்ப இந்தக் கடைசி மூணு வருஷம் கிடைச்சா மரியாதையா முடிச்சுப்பேன். உன் கையிலதான் இருக்கு. நாம நம்ம ஆளுங்க, நமக்குள்ள விட்டுக்குடுக்கக் கூடாதாம்மா?"

நன்றாகப் பேசினார்.  வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஒரு நினைப்புதான். இருபது வருஷம் பூட்டி வைத்திருந்த தமிழை, தனக்கு வேண்டும் என்றதும் எவ்வளவு லேசாக எடுக்கிறார் பாருங்கள். இட்லி மாவுக்கு எடுத்தார், இப்போது வேலைக்கு எடுக்கிறார். எனக்காக எடுக்கவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அர்த்த ஆகலில்ல சார்" என்றேன். கன்னடத்தில். புரியவில்லை என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் முனியப்பா பக்கம் திரும்பி, இவர் என்ன சொல்கிறார் என்று கன்னடத்திலேயே கேட்டேன். முனியப்பா திகைத்துப் போனார். தினமும் காலையில் டிபன் ஆச்சாக்கா என்று கேட்கிறவர் ஆயிற்றே. என்னைப் பார்த்தார், மூர்த்தி சாரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். பெரிய மனுஷர்கள் விவகாரம், எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. தொண்டையைச் செருமிவிட்டு, "கெலசா பேக்கந்தெ மேடம்" என்றார். வேலை வேணுமாம்.

அந்த நீளமான பேச்சு முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளில் அடங்கிவிட்டது. பயமும் பிள்ளை குட்டியும் மரியாதையும் நம்ம ஆளுங்களும் எங்கேயோ போய்விட்டன. மூர்த்தி சாருக்கு இப்போது விளங்கியது. நாகரத்னா அம்மா உட்கார்ந்திருந்த அந்த அறை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் காது மடல் மறுபடியும் சிவந்தது. நான், "நோடோணா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து, நீட்டிக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். காரணங்களையும் எழுதினேன். அதில் ஒரு வரி பொய் கிடையாது. அந்த வாசலுக்கு அவர் வராமலே இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் இவ்வளவு ருசித்து எழுதியிருக்க மாட்டேன்.

உறுத்தியதா என்று இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி நான் சமீபத்தில் சாப்பிடவில்லை, தூங்கின மாதிரி தூங்கவும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லா வேணும் அந்தச் சவத்துப் பயலுக்கு" என்றாள். ஊர் ஊர்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குப் போனேன். உள்ளே குழாய்கள் தலையைத் தூக்கிப் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. கேட்டில் முனியப்பா என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இதுவரை எழுந்து நின்றதே இல்லை. முகத்தில் மரியாதை இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

"நமஸ்காரா மேடம். திண்டி ஆய்தா?" என்றார்.

டிபன் ஆச்சா என்றுதான் கேட்டார். கேள்வி அதேதான், தமிழ் மட்டும் இல்லை. அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. தமிழ் தெரியாதவள் என்று நான் நேற்றுச் சொன்ன பொய்யை எனக்காகக் காவல் காக்கிறார். அக்கா என்று கூப்பிடுங்க அண்ணே என்று சொல்லிவிடலாம், ஒரு நொடி வேலைதான். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் கிளப் பெண்கள் மட்டையோடு வேனிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் யாரோ ஆபீஸ் ஆட்களும்.

"ஆய்து" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். அவரும் நின்றார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.